லெஃப்ட் டாக்கிளுக்கு ஏன் அவ்வளவு, சென்டருக்கு ஏன் இவ்வளவு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் லைன்மேன்கள் எனப்படும் ஐந்து பெரிய ஆட்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஐந்து பேருக்கும் எதிரணியைத் தடுப்பதுதான் வேலை. அப்படியிருக்க, ஓரத்தில் நிற்பவர் நடுவில் நிற்பவரைவிட வருடத்துக்கு ஒரு கோடி டாலர் அதிகம் வாங்குவது ஏன்? கூடவே, நல்ல கார்டு ஒருவரை நகர்த்தி டாக்கிளாக நிறுத்தினால் அவர் சம்பளம் தானாக ஏறிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தால், காசு ஆளுக்கா, அவர் நிற்கும் இடத்துக்கா என்பதுதான் உண்மையான கேள்வி. நான் இந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை. நிறுவனங்களில் எந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று நிர்ணயிப்பது என் தொழில். அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்திலேயே தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஒப்பந்தங்களையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அதனால் களத்து நுணுக்கத்தைவிட, கணக்குப் பக்கத்தைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் இடங்கள். நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் இரண்டு கார்டுகள். கார்டுகளுக்கு வெளியே, இரு ஓரங்களிலும் இரண்டு டாக்கிள்கள். 2025 சீசன் தொடங்கும்போது இருந்த உச்ச ஒப்பந்தங்களைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸின் லெஃப்ட் டாக்கிள் ரஷான் ஸ்லேட்டருக்கு வருட சராசரி 2.85 கோடி டாலர். டெட்ராய்ட் லயன்ஸின் ரைட் டாக்கிள் பெனே சூவலுக்கு 2.8 கோடி. டல்லஸ் கவ்பாய்ஸின் கார்டு டைலர் ஸ்மித்துக்கு 2.4 கோடி. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் சென்டர் கிரீட் ஹம்ஃப்ரிக்கு 1.8 கோடி. நீங்கள் சொன்ன அந்த ஒரு கோடி வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை. பெரிய பள்ளம் சென்டரிடம்தான். "லெஃப்ட் டாக்கிள்தான் ராஜா" என்று டிவியில் அடிக்கடி சொல்வதை இந்தக் கணக்கு பாதிதான் ஒப்புக்கொள்கிறது.

டாக்கிளுக்கு ஏன் அதிகம் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஓரத்தில் நிற்பவருக்குப் பக்கத்துணை கிடையாது. எதிரணியின் வேகமான ஆள், எட்ஜ் ரஷ்ஷர், வெளியிலிருந்து வளைந்து ஓடி வருவார். டாக்கிள் நூற்று நாற்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு பின்னோக்கிச் சறுக்கியபடியே அவரை வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், நீண்ட கை வேண்டும், லேசான கால் வேண்டும். மூன்றும் சேர்ந்த உடம்பு உலகத்திலேயே கொஞ்சம்தான். கை நீளத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து பார்ப்பார்கள். 34 அங்குலத்துக்குக் கீழே போனால் தேர்வாளர்கள் முகம் சுளிக்க ஆரம்பிப்பார்கள். கல்லூரியில் பிரமாதமாக டாக்கிள் ஆடிய பலர் என்எஃப்எல்லுக்கு வந்ததும் உள்ளே கார்டாக நகர்த்தப்படுவது இதனால்தான். நோட்ரடாமில் டாக்கிளாக ஆடிய ஜாக் மார்ட்டினை டல்லஸ் கார்டாக்கியது, அயோவாவில் டாக்கிளாக இருந்த பிராண்டன் ஷெர்ஃபை வாஷிங்டன் கார்டாக்கியது. இந்தப் போக்கு ஒருவழிப் பாதை. டாக்கிளாகத் தேறாதவர் கார்டாகலாம், கார்டாக இருப்பவர் டாக்கிளாவது அபூர்வம். அதனால் கார்டு இடத்துக்கு ஆட்கள் எப்போதும் மேலேயிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். டாக்கிள் இடத்துக்கு யாரும் அப்படி வருவதில்லை. நான் பார்க்கும் வேலையில் இது தினசரி விஷயம். ஒரு பதவியின் சம்பளத்தைத் தீர்மானிப்பது வேலை எவ்வளவு கஷ்டம் என்பதைவிட, அந்த ஆள் நாளைக்கே போய்விட்டால் மாற்று ஆளை எங்கே பிடிப்பது என்ற பயம்தான்.

பயம் என்றதும் எல்லாரும் சொல்வது 1985 நவம்பர் 18 இரவை. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பை நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் முறித்த ஆட்டம். நேரடி ஒளிபரப்பில் நாடே பார்த்தது, தைஸ்மன் அதன்பின் ஆடவே இல்லை. வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக் எறிவதற்காகத் திரும்பும்போது இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து வருபவரைப் பார்க்க முடியாது. அதனால்தான் இடது ஓரத்தைக் காப்பவருக்கு மவுசு கூடியது என்பது வழக்கமான விளக்கம். கதையாக நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பளத்தை ஏற்றியது அந்த ஒரு இரவு என்று நான் சொல்ல மாட்டேன். 1993 வரை என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் அணி மாறுவதே பெரும்பாடு. அந்த வருடம்தான் உண்மையான ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை, வந்தது. அதுவரை டாக்கிளின் மதிப்பு பயிற்சியாளர்களின் மனதில் இருந்திருக்கலாம், ஏலம் கேட்க ஆளில்லாததால் சம்பளத்தில் தெரியவில்லை.

ஏலம் தொடங்கிய முதல் வருடமே என்ன நடந்தது என்பது ரசமான கதை. பஃபலோ பில்ஸின் லெஃப்ட் டாக்கிள் வில் வோல்ஃபோர்டை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கேட்டது. மூன்று வருடத்துக்கு 76.5 லட்சம் டாலர். பஃபலோவுக்கு அதே தொகையைத் தந்து அவரை வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. ஆனால் கோல்ட்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது: அணியின் தாக்குதல் பிரிவிலேயே அதிக சம்பளம் வாங்குபவராக வோல்ஃபோர்டுதான் இருக்க வேண்டும். பஃபலோவில் இருந்த குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி. அவரைவிட அதிகமாக ஒரு லைன்மேனுக்குத் தருவது என்றால் பஃபலோவின் கணக்கே கவிழ்ந்துவிடும். லீக் எதிர்த்துப் பார்த்தது, வழக்கை விசாரித்த நடுவர் ஒப்பந்தம் செல்லும் என்றார்.

பதின்மூன்று வருடம் கழித்து அதே தந்திரத்தை ஒரு கார்டுக்காக மினசோட்டா வைக்கிங்ஸ் செய்தது. 2006இல் சியாட்டில் சீஹாக்ஸின் லெஃப்ட் கார்டு ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு ஏழு வருடம், 4.9 கோடி டாலர். கூடவே ஒரு நிபந்தனை: அணியின் லைன்மேன்களிலேயே அதிக சம்பளம் அவருக்கு இல்லை என்றால் மொத்தத் தொகையும் உத்தரவாதமாகிவிடும். சியாட்டிலில் ஹட்சின்சனுக்குப் பக்கத்திலேயே நின்றவர் லெஃப்ட் டாக்கிள் வால்டர் ஜோன்ஸ், அவர் ஏற்கெனவே அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார். சியாட்டில் கையைப் பிசைந்தது. பிறகு பழிவாங்க வைக்கிங்ஸில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவரான நேட் பர்ல்சனுக்கு அச்சு அசலாக ஏழு வருடம் 4.9 கோடி என்று ஒப்பந்தம் நீட்டி, மினசோட்டா மாநிலத்தில் ஒரே சீசனில் ஐந்து ஆட்டம் ஆடினால் முழுத் தொகையும் உத்தரவாதம் என்று எழுதியது. இந்த மாதிரி விஷ நிபந்தனைகளை லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில் தடை செய்துவிட்டார்கள். எனக்கு இதில் சுவாரசியமான பகுதி வேறு. 1993இல் டாக்கிளை இழுக்க அவரை ஒரு குவார்ட்டர்பேக்கோடு ஒப்பிட வேண்டியிருந்தது. 2006இல் கார்டை இழுக்கப் பக்கத்து டாக்கிளோடு ஒப்பிட்டதே போதுமானதாக இருந்தது. டாக்கிள் கூடுதலாக வாங்குவார் என்பது அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

சரி, அந்த இடைவெளி குறைந்திருக்கிறதா? கார்டுகளின் காலம் வந்துவிட்டது, டாக்கிள்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்று சில வருடங்களாகப் பேசுகிறார்கள். டாலரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அணிகளின் சம்பள உச்சவரம்பு வருடா வருடம் ஏறுகிறது. 2005இல் 8.55 கோடியாக இருந்தது 2025இல் 27.92 கோடி. அதனால் ஒப்பந்தம் கையெழுத்தான வருடத்து உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் நியாயம். வால்டர் ஜோன்ஸ் 2005இல் போட்டது ஏழு வருடத்துக்கு 5.25 கோடி, அதாவது வருடத்துக்கு 75 லட்சம். அது அன்றைய வரம்பில் 8.8 சதவீதம். ஹட்சின்சனின் 70 லட்சம் 2006 வரம்பில் 6.9 சதவீதம். 2025க்கு வாருங்கள். ஸ்லேட்டர் 10.2 சதவீதம், டைலர் ஸ்மித் 8.6 சதவீதம். இரண்டு பேரும் ஏறியிருக்கிறார்கள், இடைவெளி அன்று 1.9 புள்ளி, 2025இல் 1.6. எட்டிப் பிடித்ததாக என்னால் சொல்ல முடியவில்லை. 2024 வரை சென்டர் நிலைமை இன்னும் மோசம். டெட்ராய்ட்டின் ஃபிராங்க் ராக்னோ 2021இல் வருடத்துக்கு 1.35 கோடி வாங்கியபோது அது வரம்பில் 7.4 சதவீதம். 2024இல் ஹம்ஃப்ரியின் 1.8 கோடி பெரிய சாதனையாகப் பேசப்பட்டது, சதவீதத்தில் அது 7 மட்டுமே.

இந்தக் கணக்கின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காலத்துக்கும் உச்சியில் இருந்த ஒரே ஒரு ஒப்பந்தத்தை எடுத்திருக்கிறேன். வேறு வருடத்தை எடுத்தால் எண் மாறும். 2022இல் இண்டியானாபொலிஸின் கார்டு குவென்டன் நெல்சன் வாங்கிய 2 கோடி அப்போதைய வரம்பில் 9.6 சதவீதம், அதை வைத்துப் பார்த்தால் கார்டுகள் நெருங்கிவிட்டதாகவே தெரியும். 2020இல் ஹூஸ்டனின் லாரமி டன்சில் ஏஜென்டின் துணை இல்லாமல் தானே பேசி வாங்கிய 2.2 கோடி 11.1 சதவீதம், அதை வைத்தால் டாக்கிள்கள் பின்வாங்கியதுபோல் தெரியும். கார்டுகளின் மதிப்பு ஏன் ஏறியது என்பதற்குச் சொல்லப்படும் காரணத்திலும் எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். 2018இல் எதிரணித் தடுப்பைத் துளைக்கும் ஆரன் டொனால்ட் நடுவிலிருந்தே புகுந்து 20.5 சாக்குகள் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தார், பந்தைச் சீக்கிரம் எறியும் ஆட்டமுறையில் நடுவழியாக வரும் நெருக்கடிதான் ஆபத்து, அதனால் கார்டுக்கு மவுசு என்பார்கள். இருக்கலாம். எனக்கு இதைவிடப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. நல்ல டாக்கிளை எந்த அணியும் சந்தைக்கு விடுவதில்லை, காலம் முடியும் முன்பே புது ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். மார்ச் மாதம் காசோடு சந்தைக்கு வருகிற அணிக்கு அங்கே கிடைப்பவர்களில் சிறந்த லைன்மேன் பெரும்பாலும் ஒரு கார்டு. இருக்கிற சரக்குக்கு விலை ஏறுகிறது. இது என் ஊகம், நிரூபணம் கிடையாது.

இடது, வலது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேறுபாடு உச்சியில் கரைந்துவிட்டது என்பது உறுதி. ஐந்து ஆறு வருடமாகவே கரைந்துகொண்டிருந்தது. 2019 மார்ச்சில் ரெய்டர்ஸ் டிரென்ட் பிரவுனுக்கு நான்கு வருடம் 6.6 கோடி தந்தபோது லைன்மேன்களிலேயே அதுதான் உச்சம், அவரை நிறுத்தியது வலது ஓரத்தில். அதே வருடக் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் ரைட் டாக்கிள் லேன் ஜான்சன் வருடத்துக்கு 1.8 கோடி என்று அதைத் தாண்டினார். காரணம் எளிது. எதிரணி தன் சிறந்த ரஷ்ஷரை இடது ஓரத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் பெரும்பாலும் மோதுவது ரைட் டாக்கிளோடுதான். 2016 பிப்ரவரியில் நடந்த ஐம்பதாவது சூப்பர் பவுலில், அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தில், டென்வரின் வான் மில்லர் கரோலைனாவின் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டது ரைட் டாக்கிள் மைக் ரெமர்ஸைத் தாண்டி வந்துதான். அந்த ஒரு அடியில் டென்வருக்கு டச்டவுன் கிடைத்தது. போதாக்குறைக்கு மயாமியில் ஆடிய டுவா டாகோவைலோவா போல இடது கையால் எறிபவருக்கு முதுகுப்பக்கம் என்பதே வலது ஓரம்.

இருந்தாலும் ஆட்டக்காரர்கள் மனதில் இடது ஓரத்தின் கௌரவம் போய்விடவில்லை. பால்டிமோர் ரேவன்ஸில் வலது ஓரத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர், 2020இல் ரானி ஸ்டான்லி காயப்பட்டதும் இடப்பக்கம் நகர்ந்தார். ஆடிப் பார்த்ததும் இனி இதுதான் என் இடம் என்று முடிவு செய்து, இடம் தராவிட்டால் வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்றார். 2021இல் கன்சாஸ் சிட்டி வாங்கிக்கொண்டது. ஆனால் 2023 மார்ச்சில் சந்தைக்கு வந்தபோது சின்சினாட்டியில் லெஃப்ட் டாக்கிளாக அவருக்குக் கிடைத்தது வருடத்துக்கு சுமார் 1.6 கோடி. அதே மார்ச்சில், அவர் விட்டுப் போன அதே கன்சாஸ் சிட்டியில், ஜவான் டெய்லர் வருடத்துக்கு 2 கோடி வாங்கினார். டெய்லர் ஆடியது வலது ஓரத்தில். விதி சில சமயம் இப்படியும் கிண்டல் செய்யும்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். உச்ச சம்பளங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இடத்தின் விளைவு சரியாகத் தெரியாது. உச்சியில் இருப்பவர்கள் எந்த இடத்தில் நின்றாலும் பெரும் பணக்காரர்கள். நடுத்தரமான ஆளைப் பாருங்கள், அங்கேதான் இடம் பேசுகிறது. 2025 மார்ச்சில் டென்னசி டைட்டன்ஸ் டான் மூர் ஜூனியரை லெஃப்ட் டாக்கிளாக எடுத்தது. நான்கு வருடம், 8.2 கோடி, வருடத்துக்கு 2.05 கோடி. அதற்கு முந்தைய சீசனில் பிட்ஸ்பர்க்கில் அதிக சாக்குகளை விட்டவர்களில் அவரும் ஒருவர், அவரை யாரும் நட்சத்திரம் என்று சொல்லவில்லை. கிரீட் ஹம்ஃப்ரியோ 2024இல் லீக்கின் சிறந்த சென்டராக ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம் பெற்றவர். அவருக்கு 1.8 கோடி. அதாவது, சமாளிக்கக்கூடிய ஒரு டாக்கிள் தன் துறையிலேயே முதலிடத்தில் இருந்த சென்டரைவிட அதிகம் வாங்கினார். இதே மாதத்தில் இன்னொன்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு வருடத்தில் 12 ஆட்டங்களே தொடக்கத்திலிருந்து ஆடியிருந்த மாற்று ஆட்டக்காரர் ஜேலன் மூருக்கு, இடது ஓரத்தைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் கன்சாஸ் சிட்டி இரண்டு வருடத்துக்கு 3 கோடி கொடுத்தது. ஒரு கார்டோ சென்டரோ இந்தச் சான்றிதழோடு போயிருந்தால் இதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைத்திருக்காது என்று தைரியமாகச் சொல்வேன். உள்ளே நிற்பவர் பெரிய சம்பளம் வாங்கத் தன் இடத்தில் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். ஓரத்தில் நிற்பவர் மோசமாக இல்லாமல் இருந்தாலே போதும்.

இதில் விதிப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு, பலர் கவனிக்காத பங்கு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை ஒரு வருடம் பிடித்துவைக்க அணிக்கு ஃபிரான்சைஸ் டேக் என்ற உரிமை இருக்கிறது. அந்த ஒரு வருடச் சம்பளம் அந்த இடத்தின் உச்ச சம்பளங்களை வைத்துக் கணக்கிடப்படும். 2025 வரையிலான விதியில் ஐந்து லைன்மேன்களும் ஒரே இடம்தான். டாக்கிளும் சென்டரும் ஒரே தட்டில். பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் டாக்கிள்கள் என்பதால் தொகையும் டாக்கிள் தொகையாகவே வரும். 2025இல் அது சுமார் 2.34 கோடி. உச்ச சென்டரே 1.8 கோடி வாங்கிய அந்த வருடம் எந்த அணி ஒரு சென்டரை 2.34 கோடிக்குப் பிடித்துவைத்திருக்கும்? அதனால் சென்டர்களும் கார்டுகளும் பெரும்பாலும் டேக்கிலிருந்து தப்பிச் சந்தைக்குப் போகிறார்கள். டாக்கிள்கள் மாட்டிக்கொள்கிறார்கள், வால்டர் ஜோன்ஸை சியாட்டில் 2002, 2003, 2004 என்று மூன்று வருடம் தொடர்ந்து பிடித்துவைத்தது. கல்லூரியிலிருந்து வருபவர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதில் முதல் சுற்றில் தேர்வானவர்களின் நான்கு வருட ஒப்பந்தத்தை ஐந்தாவது வருடத்துக்கு நீட்டும் உரிமையிலும் இதே கூட்டுக் கணக்குதான். பால்டிமோர் 2025இல் தன் சென்டர் டைலர் லிண்டர்பாமுக்கு அந்த உரிமையை எடுக்கவில்லை. ஆளில் குறை இல்லை, லீக்கின் சிறந்த சென்டர்களில் ஒருவர். தொகை டாக்கிள் தொகை, அதுதான் பிரச்சினை.

பிரித்து வைத்திருக்கும் இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2014இல் நியூ ஆர்லின்ஸின் ஜிம்மி கிரஹாம், நான் டைட் எண்ட் (தடுப்பது, பந்தைப் பிடிப்பது இரண்டும் செய்பவர்) இல்லை, பாதி நேரம் ரிசீவர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறேன், எனக்கு ரிசீவர் தொகை வேண்டும் என்று நடுவரிடம் போனார். வித்தியாசம் 50 லட்சம் டாலருக்கு மேல். தோற்றுவிட்டார். லைன்மேன்களுக்கு இந்த வழக்கே தேவைப்படுவதில்லை.

இந்தப் பொதுத்தட்டைச் சாதகமாக்கிக்கொண்டவர் கன்சாஸ் சிட்டியின் கார்டு டிரே ஸ்மித். அந்த அணியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஐந்து இடங்களின் விலையும் அதில் வந்துவிடும். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் டாம்பா பேயிடம் 31-9 என்று தோற்றார்கள். இரண்டு டாக்கிள்களும் காயத்தில், இடது ஓரத்தில் நின்றது யார் தெரியுமா? வான் மில்லரிடம் மாட்டிய அதே மைக் ரெமர்ஸ். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தார். அடுத்த சில மாதங்களில் லைனையே மாற்றினார்கள். கார்டு ஜோ தூனிக்கு ஐந்து வருடம் 8 கோடி. இடது ஓரத்துக்கு ஆர்லாண்டோ பிரவுன். சென்டர் ஹம்ஃப்ரி இரண்டாவது சுற்றில் 63ஆவது தேர்வு, கார்டு டிரே ஸ்மித் ஆறாவது சுற்றில் 226ஆவது தேர்வு. லீக்கின் சிறந்த சென்டரும் பின்னாளில் அதிக சம்பளம் வாங்கப்போகும் கார்டும் அவ்வளவு கீழே கிடைத்தார்கள். ஆனால் டாக்கிளுக்கு மட்டும் அந்த அணி பல வருடம் அலைந்தது. பிரவுன் போனார், டெய்லர் வந்தார். 2024இல் இரண்டாவது சுற்றில் எடுத்த கிங்ஸ்லி சூவாமடையா லெஃப்ட் டாக்கிளாக இரண்டு ஆட்டம் தாங்கவில்லை, அடுத்த வருடம் கார்டாக்கப்பட்டார். 2024 சீசனின் கடைசியில் வேறு வழியின்றி ஆல்-ப்ரோ கார்டு தூனியையே இடது ஓரத்துக்கு நகர்த்தினார்கள். சமாளித்தார், ஆனால் சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா 40-22 என்று வென்றது.

2025 மார்ச்சில் டிரே ஸ்மித் மேல் 2.34 கோடி டேக் போட்டார்கள். கார்டுகளுக்கு அபூர்வமாகவே விழும் டேக். ஆனால் அது விழுந்ததும் பேச்சுவார்த்தை தொடங்கும் புள்ளியே டாக்கிள் தொகையாகிவிட்டது, அதற்குக் கீழே அவர் ஏன் இறங்க வேண்டும்? ஜூலையில் நான்கு வருடம் 9.4 கோடி, வருடத்துக்கு 2.35 கோடி. கிட்டத்தட்ட டேக் தொகையேதான். இரண்டு மாதம் கழித்து டைலர் ஸ்மித் தாண்டும்வரை கார்டுகளில் அதுதான் உச்சம். இரண்டு கார்டுக்கும் தர முடியாது என்பதால் அதே மார்ச்சில் தூனியை ஒரு நான்காவது சுற்றுத் தேர்வுக்குச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து ஆல்-ப்ரோ முதல் அணியில் இருந்த கார்டுக்கு நான்காவது சுற்றுத் தேர்வு, 12 ஆட்டமே தொடக்கத்திலிருந்து ஆடிய டாக்கிளுக்கு 3 கோடி. உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. அந்த ஜேலன் மூரையும் பிறகு உட்காரவைத்துவிட்டு, முதல் சுற்றின் கடைசித் தேர்வாக எடுத்த ஜாஷ் சிமன்ஸைத்தான் சீசனின் முதல் ஆட்டத்திலேயே இடது ஓரத்தில் நிறுத்தினார்கள்.

புதியவர்கள் விஷயத்தில் இடம் நேரடியாகச் சம்பளத்தைத் தொடுவதில்லை. 2011இலிருந்து முதல் ஒப்பந்தத் தொகை எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதை வைத்தே முடிவாகிறது. 2008இல் முதல் தேர்வான டாக்கிள் ஜேக் லாங் மயாமியிடம் ஐந்து வருடத்துக்கு 5.775 கோடி வாங்கினார். 2013இல் அதே முதல் தேர்வான டாக்கிள் எரிக் ஃபிஷருக்கு நான்கு வருடத்துக்கு சுமார் 2.2 கோடிதான். ஆனால் எத்தனையாவது ஆளாக எடுப்பார்கள் என்பதை இடம் தீர்மானிக்கிறது. 2013இல் முதல் நான்கு தேர்வுகளில் மூன்று பேர் டாக்கிள்கள். ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜேசன் கெல்சி 2011இல் 191ஆவது தேர்வு.

இந்தத் தொகைகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. என்எஃப்எல் ஒப்பந்தத்தில் அறிவிக்கிற தொகை முழுவதும் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். உத்தரவாதம் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்லேட்டரின் 11.4 கோடியில் 9.2 கோடி உத்தரவாதம். ஒப்பந்தம் போட்டு இரண்டு வாரம் ஆவதற்குள் பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதையும் இழந்தார். உத்தரவாதத்தின் அருமை அப்போதுதான் தெரியும். நான் மேலே எடுத்துக்கொண்ட வருட சராசரிகள் எல்லாமே இந்த வகையில் கொஞ்சம் ஊதிப்பெருத்தவை. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே விதமாக ஊதியிருப்பதால் ஒப்பீட்டுக்கு உதவும்.

கார்டை டாக்கிளாக்கினால் சம்பளம் ஏறுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தூனிதான் பதில். லெஃப்ட் டாக்கிளாக ஆடிக் காட்டிய பிறகும் சிகாகோ அவரை வாங்கியது கார்டாகத்தான், சம்பளம் தந்ததும் கார்டு சம்பளம்தான், இரண்டு வருட நீட்டிப்புக்கு 3.5 கோடி. அவசரத்துக்குச் சில ஆட்டம் சமாளிப்பதைச் சந்தை இடமாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு முழு சீசன் ஓரத்தில் நின்று தாக்குப்பிடித்தால்தான் விலை மாறும். இதில் ஆளையும் இடத்தையும் என்னால் முழுதாகப் பிரித்துக்காட்ட முடியாது, ஏனென்றால் டாக்கிளாக நிற்க முடிந்தவர்களைத்தான் டாக்கிளாக நிறுத்துகிறார்கள். ஒரே மனிதரை இரண்டு இடத்திலும் சம காலம் ஆடவைத்து இரண்டு சந்தையில் விற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கோடிகளைத் தொடாத லைன்மேன்கள்தான் லீக்கில் அதிகம். 2025இல் புதியவருக்குக் குறைந்தபட்ச சம்பளம் 8.4 லட்சம் டாலர், பல மாற்று ஆட்டக்காரர்கள் அதையும் அதற்குச் சற்று மேலேயும்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இடத்தின் கணக்கு தலைகீழ். ஒரு இடத்தில் மட்டும் நிற்பேன் என்பவருக்கு வேலை போய்விடும். இடது வலது இரண்டு ஓரத்திலும் நிற்கக்கூடிய மாற்று டாக்கிளுக்குச் சில மில்லியன் கிடைக்கும், கார்டாகவும் சென்டராகவும் நிற்கத் தெரிந்தவர் வருடக்கணக்கில் வேலையில் இருப்பார். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தம் இவர்களுக்கு ஒரு உபகாரம் செய்தது: குறைந்தது எட்டு லைன்மேன்களைச் சேர்த்தால்தான் ஒரு அணி ஆட்ட நாளில் 48 பேரைக் களமிறக்கலாம், இல்லாவிட்டால் 47தான். பல அணிகளில் அந்த எட்டாவது ஆளுக்கு ஆட்ட நாளில் சட்டை கிடைப்பது இந்த விதியால்தான்.